அல்வாத் துண்டும் பீடிக் கட்டும்

திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது முக்கூடல். (பள்ளு நூலில் பாடப்பெற்ற முக்கூடல் இதுவன்று, அது சீவலப்பேரி.) இந்த முக்கூடலுக்குப் பெயர் வாங்கித் தந்தது பீடி. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, நூல் கட்டும் பெண்களை இவ்வூரில் வீட்டுக்கு வீடு காணலாம். பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்தால் இன்னொரு புகழ்பெற்ற பொருள் காத்திருக்கிறது. அது அல்வா.

பீடியை விட முடியாதவரைப் 'பீடிக்கு அடிமை' என்கிறோம். அல்வாவையோ மிக்சரையோ பாக்கெட் வறுவலையோ கண்டால் நிறுத்த முடியாதவரை என்ன சொல்கிறோம்? 'சாப்பாட்டு ராமன்' என்று சிரித்துவிட்டுப் போகிறோம். உங்கள் வகுப்பில் அப்படிக் கேலிக்கு ஆளாகும் ஒருவர் இருக்கக்கூடும். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். வயிறு நிரம்பிய பிறகும் கை ஏன் போகிறது? இது வெறும் பேராசையா, அல்லது பீடியைப் போல ஓர் அடிமைத்தனமா?

பீடியின் கதை எளியது. புகையிலையில் நிக்கோட்டின் என்ற பொருள் உண்டு. புகையை உள்ளே இழுத்தால் பத்து, இருபது விநாடிகளுக்குள் அது மூளைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே நரம்பணுக்களின் மேல், உடம்பு தானே சுரக்கும் அசிட்டைல்கோலின் வந்து அமர்வதற்கான ஏற்பிகள் உள்ளன. நிக்கோட்டின் அந்த இடத்தில் அத்துமீறி உட்கார்ந்துகொள்கிறது. அதன் விளைவாக டோப்பமின் என்ற மற்றொரு பொருள் சுரக்கிறது. நாளடைவில் மூளை இதற்குப் பழகிப்போகிறது. பீடி இல்லாவிட்டால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை. (இலையும் தூளும் கையாளும்போது தோல் வழியாகவும் நிக்கோட்டின் உடலில் ஏறும். பீடி சுற்றுபவர் பீடி பிடிக்காதவராய் இருந்தாலும் அவருக்கு இந்தத் தொல்லை உண்டு.)

அல்வாவில் நிக்கோட்டின் இல்லை. அதில் என்னதான் இருக்கிறது? கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து எடுக்கிறார்கள். தவிடும் சக்கையும் வெளியே போய்விடுகின்றன. எஞ்சிய மாவுப் பாலைச் சர்க்கரையுடன் கிளறிக் கிளறி, நெய்யை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்பார்கள் நெல்லைக்காரர்கள்; அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது இதுதான்: மாவும் சர்க்கரையும் ஒரு பக்கம், கொழுப்பு மறு பக்கம், இரண்டும் ஒரே துண்டில். பழத்தில் இனிப்பு உண்டு, கொழுப்பு அரிது. நிலக்கடலையில் கொழுப்பு உண்டு, இனிப்பு குறைவு. இரண்டும் தாராளமாகச் சேர்ந்திருக்கும் பொருள் இயற்கையில் மிகச் சிலவே. தாய்ப்பால் அவற்றுள் ஒன்று. 2018-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலரிடம் தின்பண்டப் படங்களைக் காட்டி, ஏலம் கேட்பதுபோல விலை கேட்கச் சொன்னார்கள். கலோரி அளவு சமமாக இருந்தும், கொழுப்பும் மாவுப்பொருளும் சேர்ந்த பண்டத்திற்கே மக்கள் அதிக விலை கேட்டார்கள். அதுவும் போதாதென்று, அல்வா பல்லுக்கு வேலை வைக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. 'போதும்' என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருமுன் இலை காலியாகிவிடுகிறது!

இனி மூளைக்குள் செல்வோம். 1954-இல் கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் சிறு மின்துடிப்பு பாயும். எலி மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டே இருந்தது! மூளையில் 'இன்னும், இன்னும்' என்று தூண்டும் பாதை ஒன்று இருப்பது அன்று தெரியவந்தது. டோப்பமின் ஓடும் பாதை அதனுடன் நெருங்கிய தொடர்புடையது.

டோப்பமின் என்றால் இன்பம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ், டோப்பமின் ஏறக்குறைய அறவே நீக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். வாயில் இனிப்பை விட்டால் அவை ருசித்து நாக்கைச் சுழற்றின. ஆனால் எதிரிலிருக்கும் உணவைத் தேடிப் போய்த் தின்னவில்லை. ஆகவே 'பிடித்திருக்கிறது' என்பது வேறு, 'வேண்டும்' என்பது வேறு. பிடிக்காமலே வேண்டும் என்று தோன்றவும் கூடும். பாக்கெட்டின் கடைசித் துணுக்குகளைத் தின்னும்போது அது முதல் வாயைப்போல் ருசித்ததா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் சோதித்தார். தொடக்கத்தில் சாறு கிடைத்தபோது டோப்பமின் அணுக்கள் துடித்தன. சாற்றுக்கு முன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியதும், துடிப்பு சாற்றைவிட்டு அடையாளத்துக்கு நகர்ந்துவிட்டது. நெல்லையப்பர் கோயில் எதிரே, மாலையில் சில மணி நேரமே திறந்திருக்கும் இருட்டுக்கடை முன் வரிசையில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நெய் மணமும் இருட்டும் கூட்டமும் அவருக்கு அந்த அடையாளங்கள். அல்வா வாயில் படுமுன்பே மூளை வேலையைத் தொடங்கிவிடுகிறது. உங்களுக்கு அது பள்ளி விடும் மணியாகவோ, தொலைக்காட்சியைப் போடும் விரலாகவோ இருக்கலாம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்புநீரும் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னரே உயர்கிறது. நாலு மணிக்குத் தினமும் தின்றால், நாலு மணிக்குத் தானே பசிக்கும்.

அப்படியானால் உணவும் பீடியும் ஒன்றா? இங்கே விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. யேலில் 2009-இல் 'உணவு அடிமைத்தனம்' அளக்கும் வினாப்பட்டியல் ஒன்று உருவாக்கப்பட்டது. ஆனால் 2013-இல் வெளியான அமெரிக்க உளநோய்க் கையேடு சூதாட்டத்தை அடிமைத்தன வரிசையில் சேர்த்தும் உணவைச் சேர்க்கவில்லை. கட்டுமீறி உண்ணும் நோயை மட்டும் உணவுக் கோளாறுகளுள் வைத்தது. பெயர் எதுவானாலும் அவதி மெய்யானது என்பதே என் எண்ணம்.

விடுபடும் வழியில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. பீடியை ஒரு நாள் தூக்கி எறியலாம். சோற்றை எறிய முடியுமா? 'நாளை முதல் பட்டினி' என்று சபதம் செய்பவர்கள் இந்த எலிகளின் கதையைக் கேட்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட் ஹோபெல் குழுவினர் எலிகளைத் தினம் 12 மணி நேரம் பட்டினி போட்டு, மறு 12 மணி நேரம் தீனியுடன் சர்க்கரை நீரையும் கொடுத்தார்கள். சில வாரங்களில் அவை சர்க்கரை நீர் வந்ததும் பாய்ந்து பாய்ந்து குடித்தன. அடிமைத்தனத்தின் அறிகுறிகளைக் காட்டின. எந்நேரமும் சர்க்கரை நீர் கிடைத்த எலிகளோ அப்படி மாறவில்லை. காலை உணவைத் தவிர்த்துவிட்டு மாலையில் மூன்று பாக்கெட் தின்னும் மாணவருக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இட்லியோ பழையதோ, காலையில் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். பருப்பு, முட்டை, சுண்டல் போன்ற புரதமும், மென்று தின்ன வேண்டிய காய்கறியும் இருந்தால் வயிறு நெடுநேரம் தாங்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். பழைய நோட்டில் ஏழு நாள் எழுதுங்கள்: தின்ன வேண்டும் என்று தோன்றிய நேரம், இடம், அப்போது பசி இருந்ததா, அதற்கு முன் என்ன நடந்தது. எடையை எழுத வேண்டாம். திட்டு வாங்கியதை எழுதுங்கள். வார முடிவில் உங்கள் 'அடையாளம்' எதுவென்று தாளிலேயே தெரியும். அது கடையென்றால் வேறு தெருவழியே வீட்டுக்குப் போகலாம். அது வீட்டு டப்பாவென்றால், அம்மாவிடம் சொல்லிக் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லலாம். ஆசை எழும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் வேறு வேலை செய்யுங்கள். அலையைப்போல அது எழுந்து தணிவதையும் நோட்டில் குறியுங்கள். தணியாத நாளில் ஒரு துண்டை இலையில் வைத்து, உட்கார்ந்து, நாலு பேருடன் தின்னுங்கள்.

ஒளித்துவைத்துத் தின்பதும், வலிக்கும்வரை தின்பதும், தின்றபின் வாந்தி எடுக்க முயல்வதும் உங்களுக்கு வழக்கமாகிவிட்டால் நோட்டு போதாது. வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், 2022 முதல் நடைபெறும் மத்திய அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.