சாயச் சரக்கும் நமது மளிகைக் கடையும்



கடுக்காய் ஐந்து கிலோ, படிகாரம் இரண்டு கிலோ, வெல்லம் ஒரு கிலோ என்று ஒருவர் சேர்த்துக் கேட்டால், அவர் துணிக்கு மூலிகைச் சாயம் போடுபவராக இருக்கலாம். 1856இல் இங்கிலாந்தில் பெர்கின் ரசாயனச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன்பின் மெல்ல ஒடுங்கிய இத்தொழிலை இன்று விரும்பிச் செய்வோர் இருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டிய சரக்குகள் பலவும் நம் கடையிலேயே உள்ளன. அவற்றின் குணம் அறிந்து விற்பவருக்கே அந்த வாடிக்கை நிலைக்கும்.

1. கடுக்காய்: இதன் சதையிலுள்ள துவர்ப்புச் சத்தே பருத்தித் துணியைச் சாயம் ஏற்கச் செய்கிறது. பூச்சி அரிக்காத, கனமான காயாகக் கொள்முதல் செய்க. ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்த பிறகே வரைகிறார்கள். வெல்ல நீரில் பழைய இரும்பை ஊறவைத்து எடுத்த மை அத்துணியில் பட்டதும் கறுக்கிறது.

2. படிகாரம்: சிவப்பு, மஞ்சள் நிறங்களைத் துணியில் பிடித்து நிறுத்துவது இது. இதில் இரும்பு கலந்திருந்தால் நிறம் மங்கிவிடும். சோதிக்க வழி எளிது. சிறிது படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிய கடுக்காய்க் கஷாயம் சில துளிகள் விடுங்கள். மஞ்சளாகவே நின்றால் நல்ல சரக்கு. சற்று நேரத்தில் கறுத்தால் இரும்பு இருக்கிறது. சாயத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

3. மஞ்சள்: துணியில் எளிதில் ஏறும். ஆனால் வெயிலில் வெளுக்கும்; சோப்புப் பட்டால் சிவக்கும். ‘சாயம் போகாது’ என்று வாக்குக் கொடுத்து விற்காதீர்கள்.

4. மயில்துத்தம்: மஞ்சள் நிறத்தைப் பச்சைச் சாயலாக்க இதைக் கேட்பார்கள். இது விஷம். உணவுப் பண்டங்களுக்கு அருகில் வைக்கலாகாது. தனிக் கரண்டி, தனித் தராசுத் தட்டு, பெயர் எழுதிய பொட்டலம் ஆகியவை அவசியம்.

இன்னொன்று: படிகாரக் கட்டியும் கற்கண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். அடுத்தடுத்த டப்பாக்களில் வைத்தால், புதிதாக வேலைக்கு வந்த பையன் மாற்றிப் போட்டுவிடுவான்.

சாயச் சரக்கில் கிடைக்கும் லாபம் சிறிது. ஒரு பொட்டலம் மாறினால் வரும் கேடோ பெரிது. ஆகவே, இன்று கடை அடைக்கும் முன் உங்கள் அலமாரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.