ஏழடிப்பட்டம் புகட்டும் பாடம்

விடுமுறை வந்தால் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று எண்ணுகிறோம். நம் துறவோர் தவமியற்றிய குகைகள் அப்போது நம் நினைவுக்கு வருவது அரிது.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் மலை உள்ளது. அதன் மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலில் தாமரைத் தடாக ஓவியத்தைக் கண்டதும் பலர் திரும்பிவிடுகின்றனர். மலைமீதேறிக் கிழக்குப் பக்கம் சென்றால் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையை அடையலாம். பாறையில் வெட்டிய ஏழு படிகளால் இப்பெயர் வந்தது.

குகையினுள் வழவழப்பாக இழைத்த பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் தலையணைபோல் சற்றே உயர்ந்திருக்கும். அவற்றுள் பெரியதன்மேல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்படுகின்றன. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் செய்தளித்த இருக்கை அது என்பது அதன் பொருள். பிற்காலத்து முனிவர் சிலரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கே நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். முனிவர் எதையும் தமக்கென வைத்துக்கொள்வதில்லை. அவர் தங்கக் கல்லைச் செதுக்கிக் கொடுத்தவர் பிறர். உணவும் மருந்தும் போலவே உறைவிடம் அளித்தலும் இல்லறத்தார்க்குரிய தானமாகும். அந்தத் தானத்தின் சாட்சியே இக்கற்படுக்கை. துறவறமும் இல்லறமும் ஒன்றையொன்று தாங்கி நின்றதை நம் பிள்ளைகள் அங்கே கண்ணாரக் காணலாம்.

இன்று அக்கொடையைக் காப்பது யார்? பழைமையான குகைகள் பலவற்றில் பார்வையாளர் தம் பெயர்களைக் கீறிச் சென்றிருப்பதைக் கண்டு வருந்துகிறோம். ஈராயிரம் ஆண்டு நிலைத்த எழுத்தை ஓர் ஆணி ஒரு நிமிடத்தில் சிதைத்துவிடும். பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்தோமா?

ஆகவே குடும்பத்துடன் செல்வோர் இவற்றை மனத்திற்கொள்வோமாக:

1. காலை இளவெயிலிலேயே மலையேறுவோம். பாறை சுடுமுன் இறங்கிவிடலாம். குடிநீரை உடன் கொண்டுசெல்வோம்.

2. நிலம் நோக்கி, எறும்பும் மிதிபடாமல் நடப்போம். முனிவர்க்குரிய ஈரியா சமிதியைக் குழந்தைகள் பழக அதுவே நல்ல இடம். குறுகிய பாறை வழியில் சிறுவர் கையைப் பெரியோர் பற்றிக்கொள்க.

3. படுக்கைகள்மீது அமர்தல், படுத்தல், எழுத்துகளைத் தேய்த்தல் வேண்டா. கற்பூரமும் எண்ணெய் விளக்கும் ஏற்ற வேண்டா; புகையும் எண்ணெயும் பாறையைக் கெடுக்கும்.

4. குகையினுள் சிறிது நேரம் பேசாதிருந்து, பஞ்ச நமஸ்காரத்தை மனத்துள் தியானிப்போம்.

5. வீடு திரும்பி, பொழுது சாயுமுன் உணவருந்தியபின், கண்டதைக் குழந்தைகள் தம் சொற்களால் எழுதட்டும்.

அன்று கல்லைச் செதுக்கித் தந்தனர் இல்லறத்தார். அதைச் சிதையாமல் காத்து அடுத்த தலைமுறைக்கு அளிப்பது இன்றைய இல்லறத்தாராகிய நம் கடமை. அதுவும் தானமே.

அறம் வளர்க!