ஸ்பானிய மரபுத்தொடர்களில் விலங்குகள்

ஸ்பானிய மொழியின் அன்றாடப் பேச்சில் பூனை, காளை, மீன், நரி என விலங்குகள் நிறைந்திருக்கின்றன. இத்தொடர்களைக் கற்பவருக்கு அனுபவம் முதலில் உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. விலங்கின் பெயர் தெரிந்தால் மட்டும் பொருள் பிடிபடாது. எந்த வினையோடு, எந்தப் பாலில், எந்த நாட்டில் வழங்குகிறது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

அதிகம் காதில் விழுவது பூனைதான். 'தார் காத்தோ போர் லியெப்ரே' என்றால், முயல் என்று சொல்லிப் பூனையைத் தலையில் கட்டுவது. தோலுரித்த பூனையும் முயலும் பார்வைக்கு ஒத்திருக்கும். சத்திரத்துக் குழம்பில் வெந்தது எது என்று பயணிகளுக்கு இருந்த சந்தேகமே இதன் பின்னணி. இன்று மட்டமான சரக்கை உயர்ந்ததென்று விற்றாலும் இதையே சொல்வார்கள். 'ஆய் காத்தோ என்செர்ராதோ', அதாவது 'உள்ளே பூனை அடைபட்டிருக்கிறது' என்றால், விஷயத்தில் ஏதோ சூது இருக்கிறது என்று பொருள். பழைய ஸ்பானியத்தில் 'காத்தோ' பணப்பையையும் குறித்ததால், ஒளித்து வைத்த பணமுடிப்பே இந்தப் பூனை என்று விளக்குவர். 'பூனைக்கு மூன்று கால் தேடுவது' இல்லாத சிக்கலை இழுத்து விடுவது. 1605இல் வெளிவந்த செர்வாந்தெஸின் 'தோன் கிஹோத்தே' நாவலிலேயே இத்தொடர் இடம்பெற்றிருக்கிறது.

காளைத் தொடர்கள் காளைச் சண்டைக் களத்தோடு ஒட்டியவை. பொறுப்பேற்காமல் ஒதுங்கி நிற்பவர் 'தடுப்புக்குப் பின்னாலிருந்து காளையைப் பார்க்கிறார்'. கெடு நெருங்கியும் வேலை முடியாதவரைக் 'காளை பிடித்துவிடுகிறது'.

வினைச்சொல் மாறினால் பொருள் தலைகீழாகும். 'ஸெர் உன் பெஸ் கோர்தோ' (கொழுத்த மீனாக இருப்பது) என்றால் பெரும்புள்ளி. ஸ்பெயினில் ஒருவர் கணக்கில் 'எஸ்தார் பெஸ்' (மீனாக இருப்பது) என்றால், அவருக்குக் கணக்கு சுத்தமாகத் தெரியாது. இரண்டிலும் இருப்பது மீன்தான். 'ஸெர்', 'எஸ்தார்' என்னும் வினைகளே வேறு.

பால் மாறினாலும் எச்சரிக்கை தேவை. ஆண் நரியான 'சோர்ரோ' தந்திரசாலியைக் குறிக்கும்; பெண் நரியான 'சோர்ரா' பெண்களை இழிவுபடுத்தும் கடும் வசைச்சொல். 'பெட்டைக் கோழி' என்பது ஆணைச் சொன்னாலும் பெண்ணைச் சொன்னாலும் கோழைதான்.

நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடுகிறது. 'மோனோ' (குரங்கு) ஸ்பெயினில் அழகானதைக் குறிக்கும்; கொலம்பியாவில் பொன்னிற முடிக்காரரை. அர்ஜென்டினாவிலும் கொலம்பியாவிலும் 'பசு செய்வது' என்றால் நண்பர்கள் பங்கு போட்டுப் பணம் சேர்ப்பது. கொலம்பியாவில் 'தேரை' காட்டிக்கொடுப்பவர். ஸ்பெயினில் 'காளையைக் கொம்பில் பிடிப்பது' என்னும் தொடரில் வரும் 'கொஹேர்' (பிடிப்பது) என்ற வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஆபாசமாகிவிடும். அங்கே 'அகார்ரார்' என்பதே பாதுகாப்பு.

ஆகவே குறிப்பேட்டில் தனிச்சொல்லை எழுதாமல், கேட்ட வாக்கியத்தை முழுதாக, சொன்னவரின் நாட்டோடு எழுதிக்கொள்வது நல்லது. தமிழில் இணை கிடைத்தால் தொடர் எளிதில் நிலைக்கும்: 'பரிசாக வந்த குதிரையின் பல்லைப் பார்க்காதே' என்பது தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்னும் நம் பழமொழியேதான். பழமொழிகளைத் தயங்காமல் பேசிப் பழகலாம். ஆளைச் சுட்டும் விலங்குப் பெயர்களை மட்டும், அவ்வூரார் யாரிடம், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று பலமுறை கேட்ட பிறகே நாவில் எடுக்க வேண்டும்.