கொடைக்கானல் ஏரிக்கரையில் வேலைக்குச் சேர்ந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டரிங் படிப்பை முடித்துவிட்டு ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். வருகிற விருந்தாளிகளை வந்த நேரம் முதல் கிளம்புகிற நேரம் வரை பார்த்துக்கொள்வது உன் பொறுப்பாம். சீசன் நெருங்குகிறது, பையன் பதறுகிறான், உங்களுக்குப் பழக்கமான வேலைதானே, நாலு வரி எழுதுங்கள் என்றார். இந்த வருஷம் உன்னைப் போல பூம்பாறையிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஓட்டலில் உனக்கு டிரெய்னிங் கொடுப்பார்கள். எப்படி வணக்கம் சொல்வது, எப்படி அறையைக் காட்டுவது, ரிவ்யூ எழுதச் சொல்லி எப்படிக் கேட்பது, எல்லாம் சொல்லித் தருவார்கள். கற்றுக்கொள், வீண் போகாது. ஆனால் கீழே இருந்து மலையேறி வருகிறவருக்கு நாம் கொடுக்க வேண்டியது அவசரமில்லாத ஒரு பொழுது. குறைந்தபட்சம் ஒரு காலை நேரம். மணி பார்க்காமல் ஏரிக்கரையில் அவருக்கு ஒரு காலை கிடைத்துவிட்டால் உன் வேலை பாதிக்கு மேல் முடிந்தது. அது கிடைக்காமல் போனால், கட்டிலில் பூத்தூவி துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்தாலும் அவர் இங்கே வந்து தங்கினார் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த ஊர் உண்டானதே அதற்காகத்தான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகுட்டிகளைப் பறிகொடுத்துவிட்டு, உடம்பு தேற இடம் தேடி மேலே வந்தார்கள். 1845-ல் முதல் இரண்டு பங்களாக்கள் எழுந்தன. ஏரி அப்போது கிடையாது. ஓடைகள் வந்து சேரும் சதுப்பு நிலம்தான் இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் அதற்குக் குறுக்கே கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. 1875-ல் ரயில் வந்த பிறகுகூட, அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோதான் மேலே வர வேண்டும். டோலி தூக்கிய தோள்கள் நம் பக்கத்து ஆட்களுடையவை. அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவ்வளவு பாடுபட்டு வந்தவர்கள் கோடை முடிகிற வரை இருந்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

இன்றைக்கு வருகிறவருக்கு இரண்டு இரவு, மூன்று பகல். அதிலும் முதல் பகல் மலை ஏறுவதிலும் மூன்றாம் பகல் இறங்குவதிலும் போய்விடும். நடுவில் இருக்கும் ஒரே நாளைத் தூண்பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட் என்று பங்கு போட்டுவிடுகிறார்கள். 12 பாயிண்ட் பார்க்க வேண்டும் என்று ரேட் பேசி ஏறுகிறவர், பாதி நேரம் வண்டிக்குள்ளேயே டிராஃபிக்கில் இருப்பார். பார்க்க வேண்டாம் என்று நீ சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆசைப்பட்டு வந்திருக்கிறார்கள். அந்த டூர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதில்தான் உன் கை இருக்கிறது.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று சொல்: “சார், வண்டியைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். காலையில ஆறரைக்கு ஏரியைச் சுற்றி நடந்துட்டு வாங்க. மொத்தம் அஞ்சு கிலோமீட்டர். நடக்க முடியாதவங்க இந்தத் திருப்பம் வரைக்கும் போனாப் போதும், அங்க பெஞ்சு இருக்கு.” இந்த அளவுக்குக் குறிப்பாகச் சொன்னால்தான் ஜனங்கள் போவார்கள். ‘ஏரி ரொம்ப நல்லா இருக்கும்’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். நம் ஏரி 60 ஏக்கர்தான் என்றாலும் நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்து கிடப்பதால், எங்கே நின்றாலும் முழுசாகத் தெரியாது. ஒரு கையில் பனி மூடியிருக்கும்போதே அடுத்த கையில் வெயில் விழுந்துகொண்டிருக்கும். சுற்றி நடப்பவருக்குத்தான் அது கிடைக்கும். குதிரைக்காரர்களும் சைக்கிள் கடைக்காரர்களும் வந்து சேர்வதற்கு முன்னால் அந்த ரோட்டில் நடந்தவர், சாயங்காலக் கூட்டத்தில் பெடல் போட்டுக்கு வரிசையில் நிற்க நேர்ந்தாலும் குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்.

நீயும் வாரம் ஒரு தடவையாவது நடந்துவிட்டு வா. எந்தத் திருப்பத்தில் ரோடு ஈரமாக இருக்கிறது, எங்கே டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, ராத்திரி காட்டுமாடு எந்தப் பக்கம் இறங்கியது என்பது நடந்தவனுக்குத்தான் தெரியும். காட்டுமாடு விஷயத்தில் தயங்காதே. ரோட்டில் நிற்கிறது, செல்ஃபி எடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால் வாசலை மறித்து நின்றே சொல்.

இனி வருகிற நேரத்தைப் பற்றி. வத்தலக்குண்டிலிருந்து வளைவு வளைவாக ஏறி வந்த குடும்பம் வண்டியை விட்டு இறங்குவதைக் கவனித்திருக்கிறாயா? பெரிய பையன் முகம் வெளுத்திருக்கும். சின்னவள் வழியில் வாந்தி எடுத்துச் சட்டையெல்லாம் நாறும். பாட்டிக்கு முட்டி மடங்காது. அப்பாவுக்கு யார் மேலேயாவது கோபப்பட வேண்டும் போல இருக்கும். அந்த நிமிஷத்தில் ஆதார் ஜெராக்ஸ் கேட்டுப் படிவத்தை நீட்டாதே. முதலில் பாத்ரூம் எங்கே என்று காட்டு. பாட்டிக்கு நாற்காலி. பிள்ளைக்கு முகம் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர். பெரியவர்களுக்குச் சுக்கு மல்லிக் காப்பி. கையெழுத்து கால் மணி நேரம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். எந்தச் சட்டமும் அதற்குக் குறுக்கே நிற்காது.

போனில் ரூம் போடுகிறவரிடமே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்காமல் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ மேலே வர முடியாது. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இது தெரியாமல் வழியில் காசு கட்டிவிட்டு வருகிறவர் அந்தக் கடுப்பை உன்னிடம்தான் இறக்குவார். ‘லேக் வியூ’ அறை என்றால் ஜன்னலில் இருந்து எவ்வளவு தெரியும், நடுவில் எந்த மரம் மறைக்கிறது என்பதையும் உள்ளபடியே சொல். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவரிடம், மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் ஏரி இருக்கிற திசையே தெரியாது என்று முன்கூட்டியே சொல். தெரிந்துகொண்டு வருகிறவர் பனியையும் ரசிப்பார். மறைத்துக் கூட்டிவந்தால் வெயிலடித்தால்கூட முகம் சுளிப்பார்.

அறைக்குள் நீ சொல்லியே ஆக வேண்டியவை இரண்டு. ஒன்று வெந்நீர். கடைசி அறைகளுக்குக் குழாயில் சூடு வந்து சேர நேரமாகும், அஞ்சு நிமிஷம் திறந்துவிடுங்கள் என்று சொல்லாததால் வருகிற சண்டைகள் கணக்கில் அடங்காது. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. குளிர் தாங்கவில்லை என்று வெளியே கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. நம் மலையிலேயே நடந்திருக்கிறது. கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவனை எழுப்பாது. கூடுதல் கம்பளி கொடு, ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பிக் கொடு, கரி மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. மேனேஜரே சரி என்றாலும் நீ விடாதே.

தேனிலவுக்கு வருகிறவர்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

குடும்பமாக வருகிறவர்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் வந்து இறங்கியதும் உனக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்: இதில் யாருக்கு லீவு கிடைக்கவில்லை? பெரும்பாலும் அம்மாவுக்கு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மே மாதம், நான் வேலை பார்த்த ஓட்டலுக்கு இரட்டைப் பிள்ளைகளோடும் மாமியாரோடும் ஒரு பெண் வந்திருந்தாள். காலை எட்டு மணிக்குத்தான் டிபன் ஹால் திறக்கும். பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கே பசி. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சத்துமாவைக் கரைத்து, கட்டிலில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மாமியாருக்கு மாத்திரை. பிறகு ஈரத்துணியை எங்கே காயப்போடுவது என்ற கவலை. ஜன்னல் திரையை அவள் விலக்கக்கூட இல்லை. வீட்டில் செய்த வேலையையே குளிரில் செய்துகொண்டிருந்தாள். எங்கள் சமையல் மாஸ்டர் அதைக் கேள்விப்பட்டதும் மறுநாள் ஏழு மணிக்குக் குழைந்த பருப்புச் சாதமும் இரண்டு கிண்ணமும் மேலே அனுப்பினார். ரூம் பாய் துணியை வாங்கிக்கொண்டு போய் பாய்லர் அறையில் காயப்போட்டான். நான், “பிள்ளைங்க இங்க வராண்டாவுல விளையாடட்டும், நாங்க பார்த்துக்கறோம், நீங்க ஒரு வாய் காப்பியோட கீழ புல்தரைக்குப் போயிட்டு வாங்கம்மா” என்றேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். இதில் ஓட்டலுக்கு ஆன செலவு ஒரு பிடி அரிசி. அந்தக் குடும்பம் அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்தது.

அப்படித் திரும்பத் திரும்ப வருகிறவர்கள்தான் ஏரிக்கரை ஓட்டலுக்கு முதுகெலும்பு. அவர்களைப் பற்றிக் குறித்துவை. பிறந்தநாளும் கல்யாண நாளும் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். நீ எழுத வேண்டியது வேறு மாதிரி: இடது முட்டியில் வலி, மாடி வேண்டாம், டிக்காஷன் அவரே போட்டுக்கொள்வார், அஞ்சரைக்குப் பால் மட்டும் வேண்டும், காப்பி குடிக்கும் வரை பேச்சுக் கொடுக்கக் கூடாது, வராண்டாவின் கிழக்கு மூலை நாற்காலி. இதெல்லாம் உன்னைவிட ரூம் பாய்களுக்கும் தோட்டக்காரருக்கும்தான் தெரியும். அவர்களிடம் தினமும் கேள். கேட்டுத் தெரிந்துகொண்டதை அவர்கள் பெயரைச் சொல்லியே மேனேஜரிடம் சொல்.

லீவு கிடைக்காத இரண்டாவது ஆள் டிரைவர். விருந்தாளி இரட்டைக் கம்பளிக்குள் தூங்கும்போது, அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு சீட்டைச் சாய்த்துக் காருக்குள் குறுகிக் கிடப்பார். மார்கழி, தையில் புல்லெல்லாம் உறைபனி படிகிற ஊர் இது. ராத்திரி முழுக்க நடுங்கித் தூங்காத கண்களோடுதான் மறுநாள் அந்த மனிதர் அத்தனை வளைவிலும் அந்தக் குடும்பத்தைக் கீழே இறக்குகிறார். ஓட்டல்களிலும் லாட்ஜுகளிலும் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் வேண்டும் என்று 2023-ல் அரசே கட்டட விதிகளில் சேர்த்துவிட்டது. உன் ஓட்டலில் அந்த இடம் இருக்கிறதா, கதவு பூட்டாமல் இருக்கிறதா, வெந்நீர் வருகிறதா என்று போய்ப் பார். விருந்தாளியின் பாதுகாப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்புறம் ஏரி. சீசன் முழுக்க உழைப்பது அதுதான். மலையேறி வருகிறவர்கள் ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள் அல்லவா? 180 அடி உயரத்திலிருந்து விழும் அந்தத் தண்ணீர், நம் ஏரி நிரம்பி வழிந்து வருவது. பிள்ளைகள் அதில் கையை நனைக்கின்றன. ஏரியைச் சுற்றி இருக்கும் கட்டடங்களின் கழிவு எங்கே போகிறது என்ற கேள்விக்கு அங்கே நின்று பார்த்தால்தான் முழு அர்த்தம் புரியும். நீ ரிசப்ஷன் ஆள், சாக்கடை உன் வேலை இல்லை என்பார்கள். உன் வேலைதான். காலையில் ஆறரைக்கு நீ அனுப்பி வைத்தவர் கரையோரம் நுரையையும் நாற்றத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவருக்கு நீ என்ன பதில் சொல்வாய்? உங்கள் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது லாரி வந்து எடுத்தது, மழை நாளில் வழிகிறதா என்று பராமரிப்புக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள். வழிகிறது என்றால் எழுத்தில் கொடு. புதுப் பையனுக்கு இவ்வளவு அக்கறையா என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் இந்த மாதமே மூன்று காரியங்களை மேனேஜரிடம் பேசி முடித்துவிடு: பிள்ளைகளுக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு, டிரைவர்களுக்குக் கம்பளியோடு படுக்கை, டேங்க் சுத்தம் செய்ய லாரி. லாரிக்கு இப்போதே சொல்லி வைத்தால்தான் சீசனுக்கு முன்னால் வரும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா