கரண்டை நிறுத்தும்போது பிறக்கும் பொறி

1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய உறவுகள் நம்மில் பலருக்கு உண்டு. 1990களில் வன்னிக்குப் பெற்றோல் போகத் தடை இருந்தபோது அங்கே மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடியது என்பார்கள்.

ஆனால் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் பண்ணுவது லேசான காரியமில்லை. எரிவது எண்ணெய் அல்ல, அதன் ஆவி. பெற்றோல் நுவரெலியாக் குளிரிலும் ஆவி விடும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு விடும். அதனால் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓட விட்டார்கள். (இரண்டையும் கலந்து குப்பி விளக்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வெடித்துவிடும்.)

அந்த ஆவியைப் பற்ற வைக்கும் பொறி பிளக்கில் வருகிறது. பற்றரியில் இருப்பதோ 6 அல்லது 12 வோல்ட். காற்றில் ஒரு மில்லிமீற்றர் தாண்ட சுமார் 3000 வோல்ட் வேண்டும்; சிலிண்டருக்குள் அமுங்கிய காற்றில் இன்னும் கூட. இதைத் தருவது கொயில். ஒரே இரும்பின் மேல் தடித்த கம்பி சில நூறு சுற்று, மயிர் போன்ற கம்பி பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் கரண்ட் ஓடினால் இரும்பு காந்தமாகும். அப்போது பொறி வராது. 'பொயின்ட்' திறந்து கரண்ட் அறுபடும் கணத்தில் காந்தம் சட்டென்று அடங்கும். மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பிப் பிளக்கில் பாயும். கொண்டென்சர் கெட்டுப்போனால் பொயின்ட்டிலேயே பொறி பறந்து அது தீய்ந்துபோகும். கராஜில் நிற்கும் தம்பிமாருக்கு இது தெரியும்.

கரண்டை நிறுத்தும்போது பொறி வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? நம் காம்பரா லைட் சுவிட்சிலும் அப்படித்தான். அணைக்கும்போது உள்ளே சின்னப் பொறி தட்டும். மற்ற நாளில் அதனால் கேடில்லை. கேஸ் கசிந்த நாளில் அதுவே போதும். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். 2021 கடைசியில் நாட்டில் எத்தனை வீடுகளில் கேஸ் அடுப்பு வெடித்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கேஸ் வாடை வந்தால் லைட்டைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். லைட்டரைத் தட்டவே கூடாது. சிலிண்டர் வால்வை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்தால் அங்கே நிறுத்தலாம். உள்ளே இருந்தால் அதையும் தொடாமல் விட்டுவிடுங்கள்.