தடுமாறும் சோதனைகள்

நம் சங்கக் குடும்பங்களில் மென்பொருள் துறையில் பணிபுரியும் பிள்ளைகள் பலர். கைபேசிச் செயலிகளைச் சோதிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அவர்களுக்காக ஒரு சிறு பாடம் எழுதுகிறேன்.

செயலியில் ஒரு மாற்றத்தைச் சேர்த்தவுடன், பொதுக் கணிப்பொறி எல்லாச் சோதனைகளையும் தானாகவே ஓட்டிப் பார்க்கும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. ஆனால் நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே சில சோதனைகள் காலையில் பச்சையாகவும் மாலையில் சிவப்பாகவும் வரும். கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கிருந்த சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு ஓரளவேனும் இப்படித் தடுமாறியவை.

பெரும்பாலும் காரணம், காத்திருக்கும் முறைதான். 'பணம் அனுப்பு' பொத்தானை அழுத்தினால் சர்வரிலிருந்து பதில் வரவேண்டும். "2 விநாடி பொறுத்துப் பார்" என்று சோதனையில் எழுதிவிட்டால், வேலைப்பளு மிகுந்த நேரத்தில் பதில் 3-ஆம் விநாடியில் வரும், சோதனை தோற்கும். குக்கர் வைத்தால் நாம் கடிகாரத்தையா பார்க்கிறோம்? விசிலைத்தானே எண்ணுகிறோம்! ஆண்ட்ராய்டில் எஸ்பிரெஸோவின் ஐட்லிங் ரிசோர்ஸ், ஐபோனில் எக்ஸ்.சி.டெஸ்ட் எக்ஸ்பெக்டேஷன் ஆகியவையே அந்த விசில்கள். வேலை முடிந்ததும் அவை சொல்லும். அதிகபட்சக் காலவரம்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

"மறுபடி ஓட்டு, பச்சையாகிவிடும்" என்ற பழக்கம் மட்டும் வேண்டாம். சில வேளைகளில் தடுமாறுவது சோதனையன்று, செயலியேதான். இரண்டு பணிகள் ஒன்றையொன்று முந்தும் அத்தகைய பிழையால், ஒருவர் பணம் இருமுறை போய்விடக்கூடும். தடுமாறும் சோதனையைத் தனியே ஒதுக்கி, பொறுப்பாளரையும் கெடு நாளையும் குறித்துச் சரிசெய்யுங்கள். சிவப்பைக் கண்டும் யாரும் நிற்காவிட்டால், சோதனை இருந்தும் பயனில்லை.