வீட்டுக்குள் ஒரு தகவல் ஏரி

மாணவர்களே! காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியில் உள்ள பெரிய ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? நீர் ஓரிடத்தில் தேங்கி நிற்கிறது. மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியே வேண்டிய வயலுக்குப் பாய்கிறது. வயலுக்கு ஓர் ஏரி வெட்டுவார் யாருமில்லை. கணிப்பொறி உலகில் இந்த ஏரியின் வேலையைச் செய்வதுதான் 'சர்வர்' எனப்படும் வழங்கி. பாட்டு, படம், பாடக்குறிப்பு யாவும் அதில் இருக்கும். வீட்டிலுள்ள கைப்பேசிகள் வேண்டியதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்.

இதற்குப் புதுக்கணிப்பொறி தேவையில்லை. தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அண்ணனோ அக்காளோ பெற்ற அத்தகைய கணினி பரணில் கிடந்தால் அதுவே போதும். அதில் லினக்ஸ் இயங்குதளத்தையும் 'சாம்பா' என்ற இலவச மென்பொருளையும் நிறுவி, ரவுட்டருடன் கம்பியால் இணைத்தால் வழங்கி தயார். ஓர் எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் கணினியை இயக்கவே கூடாது, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அகற்றிவிடுங்கள். நல்ல பேட்டரியாயின் மின்தடையின்போது அதுவே கைகொடுக்கும்.

எவ்வளவு கொள்ளும்? நொடிக்கு 1,28,000 பிட் வீதம் பதிவான 5 நிமிடப் பாட்டுக்கு 4.8 மெகாபைட் இடம் வேண்டும். 320 ஜிகாபைட் வன்தட்டில் 66,000 பாடல்களுக்கு மேல் அடங்கும்! மின்செலவையும் பார்ப்போம். கணினி 20 வாட் எடுப்பதாகக் கொண்டால், இரவும் பகலும் ஓடி 60 நாளில் 28.8 யூனிட் ஆகும். இரு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் இது கால்பங்குக்கும் மேல். எனவே இரவில் நிறுத்திவிடுவதே சிக்கனம்.

இந்த வழங்கியை மென்பொருள் சோதிக்கவும் பயன்படுத்தலாம். ஒரே பாட்டின் இரட்டைப் பிரதிகளை அழிக்க நீங்கள் ஒரு நிரல் எழுதுகிறீர்கள். அதில் ஒரு குறி பிசகினால் எல்லாப் பாட்டும் போய்விடும் அல்லவா? விதையை நேரே வயலில் போடாமல் நாற்றங்காலில் விடுவதுபோல, நிரலை முதலில் 'கன்டெய்னர்' என்னும் தனி அடைப்புக்குள் ஓடவிட வேண்டும். நீங்கள் காட்டும் கோப்புறையைத் தவிர வேறெதையும் அது தொடாது. அங்கே பத்துப் பாட்டுகளின் நகலை வைத்துச் சோதியுங்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பழைய மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். அதைப் படிக்கும் முனை, தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிரின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர்! ஓடும்போது கணினி கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிப் பதிவுகள் அழியலாம். அருகிலுள்ள உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், கல்லில் வெட்டிய தேர்தல் விதிகளை இன்றும் படிக்கலாம். வன்தட்டிடம் அதை எதிர்பார்க்க இயலாது. பாட்டி பாடிய நடவுப் பாட்டை நீங்கள் பதிந்து வைத்திருந்து, தட்டு பழுதானால், அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே இன்னொரு தட்டில் பிரதி எடுக்கிறோம். கணக்குக்காக, ஒரு தட்டு ஓராண்டில் கெடும் வாய்ப்பு 1/20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அதே ஆண்டில் கெடும் வாய்ப்பு 1/20 × 1/20 = 1/400. ஆனால் இப்பெருக்கல், ஒன்று கெடுவதற்கும் மற்றது கெடுவதற்கும் தொடர்பில்லாதபோதே செல்லும். இரண்டும் ஒரே மின்பலகையில் செருகியிருக்க, ஐப்பசி மழையில் இடி விழுந்தால்? இரண்டும் சேர்ந்தே போகலாம். 1/400 என்ற கணக்கு அங்கே செல்லாது. எனவே பிரதி எடுத்தவுடன் இரண்டாம் தட்டைக் கழற்றி, அடுத்த தெருவில் உள்ள மாமா வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதியவற்றைச் சேர்த்து, ஏதேனும் நான்கு கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

வேறோர் ஊரில் மூன்றாம் பிரதியும் இருந்தால் அந்தப் பின்னம் என்னவாகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.